18 வயதுக்குப் பிறகும் பள்ளி உண்டா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெறும் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளிப் படிப்பு முடியும் வயதைப் பற்றியே இருந்ததால், இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விலக்கி, ஊரை மட்டும் தந்துள்ளோம்.

எங்கள் மகனுக்கு ஆட்டிசம். வரும் ஜூன் மாதத்தில் 12ஆம் வகுப்பை முடிக்கிறான். தேவையான கிரெடிட்டுகள் சேர்ந்துவிட்டதால் டிப்ளமா கொடுத்து அனுப்பப் போவதாகப் பள்ளியில் சொல்கிறார்கள். அவனோடு படிக்கும் பையனின் அம்மாவோ, "அதை இப்போது வாங்காதீர்கள், 21 வரை பள்ளி உண்டு" என்கிறார். டிப்ளமாவை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வது? – எடிசன், நியூ ஜெர்ஸி

அந்த அம்மா சொன்னது சரி. 1975இல் இயற்றப்பட்டு, 1990 முதல் ஐடியா என்ற பெயரில் வழங்கும் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 3 வயது முதல் 21 வயது வரை இலவசமான, தகுந்த பொதுக்கல்வி கிடைக்க வேண்டும். ஆனால் வழக்கமான உயர்நிலைப் பள்ளி டிப்ளமாவைப் பெற்ற அன்றே, வயது 18 ஆக இருந்தாலும், அந்த உரிமை முடிந்துவிடுகிறது. பள்ளிக்கு வந்ததற்கான சான்றிதழையோ படிப்பை நிறைவு செய்ததற்கான சான்றிதழையோ பெற்றால் உரிமை முடிவதில்லை. எனவே உங்கள் கையில் தரப்போகும் தாள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டிப்ளமா கொடுத்து அனுப்புவதும் சட்டத்தின் பார்வையில் ஓர் இடமாற்றமே. ஆகவே பள்ளி மாவட்டம் உங்களுக்கு முன்கூட்டியே எழுத்துப்பூர்வமான அறிவிப்பைத் தர வேண்டும். அதை எதிர்த்து முறையீட்டு விசாரணை கோரும் உரிமையும் உங்களுக்கு உண்டு. பட்டமளிப்பு நாளுக்கு முன்பே முறையீட்டைப் பதிவு செய்துவிட்டால், வழக்கு முடியும்வரை இப்போதுள்ள ஏற்பாடு தொடர வேண்டும் என்பது பொது விதி. 'ஸ்டே புட்' என்று பெற்றோர் வட்டாரத்தில் பேசிக்கொள்வது இதைத்தான். ஜூன் மாதத்தில் டிப்ளமாவை வாங்கிக்கொண்டு செப்டம்பரில் போய்க் கேட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

விசாரணை வரை போகாமலே பல குடும்பங்கள் இதைத் தீர்த்துக்கொள்கின்றன. கிரெடிட்டுகள் சேர்ந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் உங்கள் மகனின் தனிக்கல்வித் திட்டத்தில், அதாவது ஐ.இ.பி.யில், வேலைக்கும் தனித்து வாழ்வதற்குமான இலக்குகள் எழுதப்பட்டிருக்க வேண்டும்; 16 வயது முதல் அவை கட்டாயம். அந்த இலக்குகளில் எத்தனையை அவன் எட்டியிருக்கிறான் என்று கூட்டத்தில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எட்டாதவை பல என்றால், டிப்ளமாவைப் பின்னுக்குத் தள்ளி, பள்ளியிலிருந்து வயதுவந்த வாழ்க்கைக்கு ஆயத்தமாக்கும் மாற்றக்காலப் பயிற்சியைத் தொடர்வது பற்றி ஐ.இ.பி. குழுவே முடிவெடுத்து எழுதலாம். இந்தப் பேச்சை 12ஆம் வகுப்பின் வசந்த காலத்தில் தொடங்குவது மிகவும் தாமதம். இன்னும் 9ஆம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், எந்த ஆண்டில் பட்டம் பெறப் போகிறான் என்பதை இப்போதே திட்டத்தில் எழுதச் செய்து, கிரெடிட்டுகளை அதற்கேற்ப விரித்துக்கொள்வது நல்லது.

உங்கள் மாநிலத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நியூ ஜெர்ஸியில் பிள்ளைக்கு 21 நிறைகிற பள்ளியாண்டின் இறுதிவரை, அதாவது ஜூன் 30 வரை, சேவை தொடரும். ஆகவே ஜூன் 28இல் 21ஐ எட்டுகிறவருக்கு இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். ஜூலை 3இல் எட்டுகிறவருக்கு அடுத்த பள்ளியாண்டு முழுவதும் கிடைக்கும். உங்கள் மகனின் பிறந்த நாளை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் முடிவைத் தீர்மானிப்பது அதுதான். அங்கியும் தொப்பியும் அணிந்து பிள்ளை மேடையேறும் படம் வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. நியூ ஜெர்ஸி, இல்லினாய் உள்ளிட்ட மாநிலங்களில், ஐ.இ.பி.யின்படி படிப்பு நான்கு ஆண்டுகளுக்கு மேலும் தொடரும் மாணவர், தம் வகுப்புத் தோழர்களுடன் பட்டமளிப்பு விழாவில் கலந்துகொள்ளலாம். டிப்ளமா பிறகு வரும். விழாவில் நடப்பது வேறு, டிப்ளமாவைப் பெறுவது வேறு என்று பள்ளியிடம் எழுத்தில் உறுதி பெற்றுக்கொண்டு மேடையேற்றுங்கள். படம் ஊருக்குப் போகும், பள்ளியும் நிற்காது.

மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். 18 ஆனபின் நடந்த கூட்டத்தில், "இனி எல்லாம் அவளுடைய கையெழுத்துதான்" என்று சொல்லி, எங்களைக் கேட்காமல் ஒரு தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவள் எதைக் கொடுத்தாலும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவாள். இது முறையா? – ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா

பெரும்பாலான மாநிலங்களில், பிள்ளைக்கு 18 ஆகும்போது பெற்றோரின் கல்வி உரிமைகள் பிள்ளைக்கு மாறுகின்றன. அப்படி மாறப்போகிறது என்பதை அதற்கு ஓர் ஆண்டு முன்பாவது தெரிவித்து, தெரிவித்ததை ஐ.இ.பி.யில் பதிவு செய்ய வேண்டும். ஆகவே 17ஆம் வயதில் நடந்த கூட்டத்தின் ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இந்த அறிவிப்பு இருக்கும், நாம்தான் கடைசிப் பக்கம்வரை படித்திருக்க மாட்டோம்.

கையெழுத்திட்ட தாளின் நகலை உடனே கேட்டு வாங்குங்கள். சேவைகளை நிறுத்தவோ டிப்ளமாவை ஏற்கவோ அதில் சம்மதம் இருந்தால், மகளுக்கு அதன் பொருள் விளக்கப்படவில்லை என்று எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்து, மீண்டும் ஐ.இ.பி. கூட்டம் கூட்டச் சொல்லுங்கள்.

இனிவரும் நாட்களுக்கு வழக்கறிஞர்கள் முதலில் சொல்வது நீதிமன்றத்தின் மூலம் பாதுகாவலராவது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. வாக்களிப்பது, மணம் செய்வது, எங்கே வாழ்வது என்று அவளுடைய பல உரிமைகளை அது சேர்த்தே பறிக்கக்கூடும். ஒருமுறை கொடுத்த ஆணையைத் திரும்பப் பெறுவதும் எளிதில்லை. கல்வி விஷயங்களில் பெற்றோர் தன் சார்பில் முடிவெடுக்கலாம் என்று மகளே எழுதித் தரும் அதிகாரப் பத்திரமே பல குடும்பங்களுக்குப் போதும். கலிபோர்னியாவில் உதவியுடன் முடிவெடுக்கும் முறைக்குச் சட்ட ஏற்பும் இருக்கிறது. அவளுக்குப் புரியும் சொற்களில் விளக்கி, அவள் கேட்கிற கேள்விகளுக்கும் பதில் சொல்லி, அதன்பிறகே எதிலும் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை முதலில் வீட்டிலேயே தொடங்குங்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "வேண்டாம்" என்று சொல்லவும் அவளுக்குக் கற்றுத்தர வேண்டும். அதையே ஓர் ஐ.இ.பி. இலக்காக எழுதச் சொல்லலாம்.

கூடுதல் ஆண்டுகளைப் போராடி வாங்கிவிட்டோம். மகனுக்கு இப்போது 19. ஆனால் வகுப்பில் தினமும் அதே போல்ட்டுகளையும் நட்டுகளையும் பிரித்துப் போடச் சொல்கிறார்கள். மாலையில் மறுபடி கலந்து வைத்து, மறுநாள் காலையில் மறுபடி பிரிக்கச் சொல்கிறார்கள். இதற்காகவா பாடுபட்டோம் என்று இருக்கிறது. – நேப்பர்வில், இல்லினாய்

பலரும் கேட்கத் தவறுகிற கேள்வி இது. ஆண்டுகளை நீட்டுவதற்குக் காட்டும் வேகத்தில் பாதியைக்கூட, அந்த ஆண்டுகளில் என்ன நடக்க வேண்டும் என்பதில் பெற்றோர் காட்டுவதில்லை. பள்ளி மாவட்டங்களும் அந்த அமைதியை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. 2017இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயரளவுக்குச் சிறிதே முன்னேற்றம் தரும் திட்டம் போதாது என்றும், அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் அமைய வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பிரித்ததையே மறுநாளும் பிரிப்பது எந்தக் கணக்கில் முன்னேற்றம் என்று கூட்டத்தில் கேளுங்கள். பதிலைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

இலக்குகளை எழுதும் மொழியிலேயே பாதி விஷயம் இருக்கிறது. "மாணவர் தம் தொடர்புத் திறனை மேம்படுத்திக்கொள்வார்" என்று எழுதினால் ஆண்டு இறுதியில் யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதச் சொல்லலாம்: வீட்டருகே உள்ள நிறுத்தத்தில் பேருந்தின் எண்ணைப் பார்த்து ஏறி, அட்டையைத் தட்டி, கடையிருக்கும் நிறுத்தத்துக்கு முன் கம்பியை இழுத்து மணியடித்து இறங்கி, பட்டியலில் உள்ள மூன்று பொருள்களை எடுத்து, தானே பணம் செலுத்தும் இயந்திரத்தில் டெபிட் கார்டைச் செருகி ரசீதுடன் திரும்புவார், 5 முறையில் 4 முறை, யாரும் நினைவூட்டாமல். ஜனவரியில் எத்தனை முறை செய்தான், மே மாதத்தில் எத்தனை முறை என்று கேட்டால் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பேருந்து தாமதமானால் என்ன செய்வான், தெரியாத ஒருவர் பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வான் என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகச்சவரம், மாத்திரைப் பெட்டியை வாரத்துக்கு நிரப்புவது, துணி துவைக்கும் இயந்திரம், கழிப்பறையில் கதவைத் தாழிடுவது எல்லாம் இந்த வயதில் பாடங்களே. நம் வீடுகளில் அம்மாவே இதையெல்லாம் செய்துகொடுத்துவிடுவதால், பள்ளியில் கற்றது வீட்டில் கரைந்துபோகிறது என்று ஆசிரியர்கள் குறைபடுவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. குக்கரில் அரிசி வைக்கத் தெரிந்த பிள்ளையை அடுப்படிப் பக்கமே விடாமல் வைத்திருக்கும் வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன்.

வேலைப் பயிற்சி உண்மையான வேலையிடத்தில் நடக்க வேண்டும். 1996இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கி, இன்று பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கும் ப்ராஜெக்ட் சர்ச் என்ற திட்டத்தில், பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளைகள் ஒரு மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறிப் பல வாரங்கள் பயிற்சி பெறுகிறார்கள்: அறுவைச் சிகிச்சைக் கருவிகளைத் தட்டில் அடுக்குவது, கிடங்கில் சரக்குகளைச் சரிபார்ப்பது போன்ற வேலைகள். நட்டு, போல்ட்டைப் பிரித்தறியும் உங்கள் மகனின் கண்ணுக்கு அங்கே பொருளுள்ள வேலை கிடைக்கும். இது தவிர, 2014இன் வியோவா (WIOA) எனப்படும் கூட்டாட்சி வேலைவாய்ப்புச் சட்டப்படி, மாநிலத் தொழில் மறுவாழ்வுத் துறை தன் கூட்டாட்சி நிதியில் 15 சதவீதத்தையாவது மாணவர்களின் வேலை ஆயத்தப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். அத்துறையின் அலுவலரை அடுத்த ஐ.இ.பி. கூட்டத்துக்கு அழைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் மாநிலத்தில் 2021இல் வந்த சட்டத்தின்படி, பள்ளியாண்டின் நடுவில் 22 நிறைகிறவர்களும் அந்த ஆண்டை முடித்துவிட்டே வெளியேறலாம். ஆகவே உங்கள் மகனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

மிச்சிகனில் 26 வயது வரை பள்ளி உண்டாமே? டெக்சஸில் எங்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டை விற்றுவிட்டு அங்கே போகலாமா? – ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

கேள்விப்பட்டது உண்மை. கூட்டாட்சிச் சட்டம் வருவதற்கு முன்பே, 1971இல், 25 வயது வரை சிறப்புக் கல்வி என்று மிச்சிகன் சட்டம் இயற்றியது. டிப்ளமா பெறாமல், செப்டம்பர் 1 அன்று 26 நிறையாமல் இருப்பவர்கள் இன்றும் அங்கே தொடரலாம். வேறெந்த மாநிலமும் இவ்வளவு தூரம் போகவில்லை. டெக்சஸிலும், செப்டம்பர் 1 அன்று 21 வயதில் இருப்பவர் அந்தப் பள்ளியாண்டை முழுமையாக முடிக்கலாம்.

ஆனால் வீட்டை விற்கும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, பள்ளிக்குப் பிறகான வீட்டு உதவி, பகல்நேரப் பராமரிப்பு போன்றவற்றுக்கான மெடிக்கெய்ட் வெய்வர் என்ற அரசு உதவித் திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. டெக்சஸில் அதற்கான காத்திருப்புப் பட்டியல் சில வெய்வர்களுக்குப் பத்தாண்டைத் தாண்டும். உங்கள் மகனின் பெயர் ஐந்து வயதிலிருந்தே அதில் இருந்தால், மாநிலம் மாறியதும் அந்த இடம் போய்விடும். பெயரே இன்னும் பதியவில்லை என்றால், இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு இன்றே பதியுங்கள். இரண்டாவது, மிச்சிகனிலும் 26 வரை இருக்கலாம் என்பதால் அங்கே கிடைப்பது நல்ல பயிற்சியாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த மாநிலத்தின் ஸ்டர்ஜிஸ் நகரப் பள்ளியில் 9 வயது முதல் 20 வயது வரை படித்த காதுகேளாத மாணவர் ஒருவருக்கு, சைகை மொழி சரியாகத் தெரியாத உதவியாளர்களைக் கொடுத்து, ஆண்டுதோறும் உயர்ந்த மதிப்பெண் போட்டு வந்தார்கள். பட்டம் பெறச் சில மாதங்கள் இருக்கையில்தான், டிப்ளமா கிடையாது, நிறைவுச் சான்றிதழ் மட்டும்தான் என்று குடும்பத்துக்குச் சொன்னார்கள். அவர் தொடுத்த வழக்கில், இழப்பீடு கோரி மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின்கீழ் நேரடியாக நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. போவதானால் மாநிலத்தைப் பார்க்காதீர்கள். குறிப்பிட்ட பள்ளி மாவட்டத்துக்கு நேரில் போய், 20 வயதுக்கு மேற்பட்டவர்களின் வகுப்பில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

21 பிறந்த நாளோடு முடிகிறதா, 22 பிறந்த நாள் வரையா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். – ஸ்டாம்ஃபோர்ட், கனெக்டிகட்

உங்கள் மாநிலத்தில் 22ஆம் பிறந்த நாளுக்கு முன்னால் நிறுத்த முடியாது. குறைபாடில்லாத 21 வயதினருக்கு இலவச முதியோர் கல்வி தந்துகொண்டு, குறைபாடுள்ளவர்களுக்கு மட்டும் பள்ளியை முன்னதாக நிறுத்துவது செல்லாது என்று 2013இல் ஹவாய் வழக்கிலும், 2018இல் ரோட் ஐலண்ட் வழக்கிலும், 2021இல் உங்கள் கனெக்டிகட் வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2023இல் நியூயார்க் கல்வித் துறையும் அதே கருத்தை வெளியிட்டது.

நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். மகள் இந்தியாவில் பிறந்தவள், குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கிறாள். அறிவுத்திறன் குறைபாடு உண்டு. பள்ளி 21 வரை என்கிறார்கள். விசாவும் 21இல் முடிகிறதே? – சன்னிவேல், கலிபோர்னியா

இந்தக் கடிதத்துக்கு நிம்மதியான பதில் என்னிடம் இல்லை, ஆனால் உண்மையான பதிலைத் தருகிறேன். பள்ளி உரிமைக்குக் குடியுரிமை நிலை ஒரு பொருட்டில்லை; 1982இல் உச்ச நீதிமன்றம் அளித்த பிளைலர் வழக்கின் தீர்ப்பிலிருந்து அரசுப் பள்ளி எந்தப் பிள்ளையையும் அந்தக் காரணம் காட்டி விலக்க முடியாது. கலிபோர்னியாவில் அவள் 22 வரை படிக்கலாம். விசா வேறு கணக்கில் ஓடுகிறது. எச்-4 நிலை 21இல் முடியும். மற்றப் பிள்ளைகளைப் போல அவளால் மாணவர் விசாவுக்கு மாறிவிட முடியாது என்பதுதான் இங்கே கொடுமை. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், 2002இன் பிள்ளை நிலைப் பாதுகாப்புச் சட்டம், கிரீன் கார்டுக்காக வேலை தரும் நிறுவனம் தாக்கல் செய்யும் ஐ-140 மனு பரிசீலனையில் இருந்த நாட்களை அவள் வயதிலிருந்து கழிக்க அனுமதிக்கிறது. இந்தியர்களுக்கான வரிசையின் நீளத்தில் அந்தக் கழிவு பலருக்கும் போதுவதில்லை. அவளுக்கு 18 ஆவதற்குள் குடிவரவு வழக்கறிஞரிடம் தேதிகளை வைத்து முழுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். எச்-4 நிலையில், வருமானம் குறைந்த குறைபாடுடையோருக்கு அரசு தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகையும் கிடைக்காது. இங்கே பிறந்த தம்பியோ தங்கையோ குறைபாட்டுடன் இருந்தால், அவர்கள் குடிமக்கள் என்பதால், 18 ஆனதும் உங்கள் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் விண்ணப்பிக்க முடியும்.

ஊர் திரும்ப நேர்ந்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் இலவசக் கல்வி 6 முதல் 18 வயது வரைதான். 21 வயதில் திரும்பும் பெண்ணுக்குப் பள்ளி என்ற உரிமை இல்லை. தொழிற்பயிற்சியும் மதிப்பீடும் தேவையென்றால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தை அணுகலாம். சட்டப்படியான பாதுகாவலராவதற்கு, 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இங்கிருந்து புறப்படும் முன், பள்ளியிடமிருந்து கடைசி மதிப்பீட்டு அறிக்கை, எல்லா ஐ.இ.பி. நகல்கள், தெரபி குறிப்புகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். வயது நிறைந்து வெளியேறும் மாணவருக்குத் தர வேண்டிய செயல்திறன் தொகுப்பையும் விடாதீர்கள். அங்கே போனபின் மின்னஞ்சலில் கேட்டுப் பெறுவதைவிட, அலுவலகத்தில் நேரில் கேட்டு வாங்குவது வேகமாக நடக்கும்.